மோல் என்பது எடையா, எண்ணிக்கையா? 6.022 × 10²³ எங்கிருந்து வந்தது?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மோல் கணக்குகளைச் சூத்திரத்தில் போட்டு விடையை எடுத்துவிடுகிறேன். ஆனால் மோல் என்பது எடையா, எண்ணிக்கையா, கனஅளவா என்று யாராவது கேட்டால் விழிக்கிறேன். 6.022 × 10²³ என்பதை யார், எப்படி எண்ணினார்கள்? ஏன் குறிப்பாக அந்த எண்? 22.4 லிட்டரை எப்போது போடலாம், எப்போது போடக் கூடாது? ஆய்வகத்தில் மோலாரிட்டி, நார்மாலிட்டி என்று இரண்டு எதற்கு?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். மோல் என்பது எண்ணிக்கை. எடையும் கனஅளவும் அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைத்திருக்கும் இரண்டு வழிகள். மற்றக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தை நாம் தலைகீழாகக் கற்பித்துவருகிறோம் என்பது என் உறுதியான கருத்து. முதல் நாளே கரும்பலகையில் 6.022 × 10²³ என்று எழுதி, இதுதான் மோல் என்று சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் எண்ணை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், மோல் பிடிபடுவதில்லை. வரலாற்றில் அந்த எண் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அது இன்னதென்று துல்லியமாகத் தெரியாமலேயே வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் எடைக் கணக்குகளைச் சரியாகப் போட்டுவந்தார்கள். அவர்கள் போன வழியிலேயே நாமும் போவோம்.

வேதிச் சமன்பாடு எண்ணிக்கையில் பேசுகிறது. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் என்கிறது. தராசோ கிராமில் பேசுகிறது. 10 கிராம் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று சமன்பாட்டிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. எத்தனை மூலக்கூறு என்று தராசிடம் கேட்டால் அதற்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். மோல் பிறந்தது அந்தத் தேவைக்காகத்தான்.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட் 30 கிராம், ஒரு நட் 10 கிராம். போல்ட்டும் நட்டும் ஜோடியாக வேண்டும் என்று வருபவருக்குக் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொடுக்க வேண்டியதில்லை. 3 கிலோ போல்ட்டையும் 1 கிலோ நட்டையும் நிறுத்துப் போட்டால் போதும், எண்ணிக்கை சரியாக இருக்கும். கவனிக்க வேண்டியது அடுத்த படி: ஒரு போல்ட்டின் எடை 30 கிராம் என்பதுகூட அவருக்குத் தெரிய வேண்டாம். போல்ட் நட்டைப் போல மூன்று மடங்கு கனம் என்ற விகிதம் மட்டும் தெரிந்தால், எத்தனை என்று தெரியாவிட்டாலும் இரண்டும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன என்று அவர் அடித்துச் சொல்லலாம்.

அணுக்களிலும் இதே கதைதான். கார்பன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல ஏறத்தாழ 12 மடங்கு கனம். ஆக்சிஜன் அணு 16 மடங்கு. சோடியம் 23 மடங்கு. அப்படியானால் 1 கிராம் ஹைட்ரஜனிலும், 12 கிராம் கார்பனிலும், 16 கிராம் ஆக்சிஜனிலும், 23 கிராம் சோடியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாக வேண்டும். எத்தனை? இப்போதைக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பொதுவான எண்ணிக்கைக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டால் கணக்கு நடந்துவிடும். அந்தப் பெயர்தான் மோல். அணு நிறையை அப்படியே கிராமில் எடுத்தால் அதில் ஒரு மோல் அணுக்கள். மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்தால் ஒரு மோல் மூலக்கூறுகள். நீருக்கு 18 கிராம், சமையல் உப்புக்கு 58.5 கிராம், சர்க்கரைக்கு 342 கிராம். இதைத்தான் மோலார் நிறை என்கிறோம்.

இனி, அந்த விகிதங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு, ஆனால் மோல் பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நீரைப் பகுத்துப் பார்த்தால் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் கிடைக்கிறது. இது தராசு சொல்வது, இதில் சந்தேகமில்லை. ஆனால் இதிலிருந்து ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல எத்தனை மடங்கு கனம் என்று சொல்ல முடியுமா? நீர் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் இருந்தால் 8 மடங்கு. இரண்டு ஹைட்ரஜன் இருந்தால் 16 மடங்கு. மூலக்கூறின் அமைப்பு தெரிந்தால்தான் அணு நிறை தெரியும். அணு நிறை தெரிந்தால்தான் அமைப்பு தெரியும். ஜான் டால்டன் 1808இல் தம் அணுக் கொள்கையை நூலாக வெளியிட்டபோது இந்த முடிச்சை ஓர் ஊகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். இரண்டு தனிமங்களுக்கு இடையே ஒரே ஒரு சேர்மம்தான் தெரியுமென்றால் அதில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டார். ஆகவே அவருடைய நீரில் ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அன்றைய அளவீடுகளும் அவ்வளவு துல்லியமாக இல்லாததால் ஆக்சிஜனின் அணு நிறையை 7 என்று போட்டார்.

முடிச்சை அவிழ்க்கும் நுனி வாயுக்களிடம் இருந்தது. பிரான்சில் கே லூசாக் வாயுக்களின் கனஅளவுகளை அளந்து, 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து 2 பங்கு நீராவி வருகிறது என்று காட்டினார். 1811இல் இத்தாலியின் அமேதியோ அவகாட்ரோ இதைப் பிடித்துக்கொண்டார். சட்டம் படித்துவிட்டு இயற்பியல் பக்கம் வந்தவர் அவர். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவு வாயுக்கள் எதுவாக இருந்தாலும் அவற்றில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றார். இதை ஏற்றுக்கொண்டால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகள் வருகின்றன. ஆகவே ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். அதாவது அது இரட்டை அணு மூலக்கூறு. ஹைட்ரஜனும் அப்படியே. நீரில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜனின் அணு நிறை 16.

அவ்வளவு தெளிவான வாதம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எதிரெதிர் மின்தன்மை உடைய அணுக்கள்தான் ஒன்றையொன்று ஈர்த்துச் சேரும் என்று பெர்சீலியஸ் போன்ற பெரியவர்கள் நம்பினார்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் எப்படிச் சேரும் என்பது அவர்கள் கேள்வி. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சேரும் சகப்பிணைப்பு என்ற கருத்தே இல்லாத காலத்தில் அது நியாயமான கேள்விதான். விளைவு, ஒரே சேர்மத்துக்கு ஆளுக்கொரு வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினார்கள். இத்தாலியிலிருந்து வந்த கன்னிஸாரோ அவகாட்ரோவின் கருத்தை வைத்து அணு நிறைகளை எப்படி ஒழுங்காகக் கணக்கிடலாம் என்று அங்கே வாதாடினார். அவர் 1858இல் எழுதிய சிறு வெளியீட்டின் பிரதிகளும் அங்கே கொடுக்கப்பட்டன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மெண்டலீவும் ஒருவர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் தனிம வரிசை அட்டவணை வந்தது. அணு நிறைகள் சரியாகாமல் அந்த அட்டவணை சாத்தியமே இல்லை. அவகாட்ரோ இதையெல்லாம் பார்க்கவில்லை, 1856இலேயே இறந்துவிட்டார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இன்னும் 6.022 × 10²³ வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவகாட்ரோ அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவர் சொன்னது "சமம்" என்பதை மட்டும்தான்.

எண்ணைத் தேடும் முதல் நல்ல முயற்சி 1865இல் வியன்னாவில் நடந்தது. யோசஃப் லோஷ்மிட், வாயு மூலக்கூறு இன்னொன்றோடு மோதும் முன் சராசரியாக எவ்வளவு தூரம் போகிறது என்ற அளவையும், வாயு திரவமாகும்போது கனஅளவு எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் இணைத்து, காற்று மூலக்கூறின் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார். உண்மையைவிடச் சில மடங்கு பெரியதுதான். ஆனால் அளவின் ஒழுங்கு கைக்கு வந்துவிட்டது. பிறகு 1908, 1909ஆம் ஆண்டுகளில் பாரிசில் ஜான் பெரென் செய்த ஆய்வு மிக அழகானது. கம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினை நீரில் மிக நுண்ணிய, ஒரே அளவான துகள்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். அடியில் துகள்கள் நெருக்கமாகவும் மேலே போகப் போக அரிதாகவும் இருந்தன. மலை ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறதே, அதே விதி. ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை துகள் என்று கண்ணால் பார்த்து எண்ணி, அந்தக் குறைவின் வேகத்திலிருந்து மோலில் எத்தனை மூலக்கூறு என்று வருவித்தார். அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டியவரும் பெரென்தான். 1926இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அணு என்பது கணக்குக்கு வசதியான கற்பனை என்று சொல்லிவந்தவர்கள் வாயடைத்தது இந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

ஆனால் உங்கள் நோட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. மின்னாற்பகுப்பில் 107.9 கிராம் வெள்ளியைப் படியவைக்க 96,485 கூலும் மின்னூட்டம் தேவை. 107.9 கிராம் என்பது ஒரு மோல் வெள்ளி. ஒவ்வொரு வெள்ளி அயனியும் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு உலோகமாகிறது. ஆகவே 96,485 கூலும் என்பது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6022 × 10⁻¹⁹ கூலும். இதை முதலில் நல்ல துல்லியத்தோடு அளந்தது மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வு. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 6.022 × 10²³ வந்து நிற்கும். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. மூட்டையின் எடையை ஒரு மணியின் எடையால் வகுப்பதுதான் நடந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் திடநிலைமை படிக்கும்போது இன்னொரு வழியும் உங்கள் கைக்கு வரும். சிலிக்கான் படிகத்தின் ஓர் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம், 0.5431 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். அதில் 8 அணுக்கள். இது எக்ஸ் கதிர் அளவீட்டில் தெரிகிறது. சிலிக்கானின் மோலார் நிறை 28.085 கிராம், அடர்த்தி 2.329 கிராம்/கன செ.மீ. ஒரு மோல் சிலிக்கான் அடைக்கும் இடத்தை ஓர் அணு அடைக்கும் இடத்தால் வகுத்தால் மீண்டும் அதே 6.022 × 10²³. நீரிலே மிதந்த பிசின் துகளும், வெள்ளி முலாமும், சிலிக்கான் படிகமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவை மூன்றும் ஒரே எண்ணின் வாசலில் வந்து நிற்கும்போது அணு உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஆய்வாளர்கள் இந்தச் சிலிக்கான் வழியைத்தான் பிற்காலத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணு வகைகளை ஐசோடோப்புகள் என்பார்கள்; அவற்றில் சிலிக்கான்-28 ஐசோடோப்பை மட்டும் பிரித்தெடுத்து, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள, குறையே சொல்ல முடியாத உருண்டையாகச் செதுக்கி அணுக்களைக் கணக்கிட்டார்கள்.

ஏன் குறிப்பாக அந்த எண்? இயற்கையில் அதற்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லை. நாம் கிராமில் எடை போடுகிறோம், அவ்வளவுதான். அணு நிறையைக் கிராமில் எடுத்ததால் இந்த எண் வந்தது. கிலோவில் எடுத்தால் கிலோமோல், அதில் 6.022 × 10²⁶ துகள்கள். அமெரிக்க வேதிப் பொறியாளர்கள் பவுண்டில் எடுத்து பவுண்டு-மோல் என்றே கணக்குப் போடுகிறார்கள். அது நம் மோலைப் போல சுமார் 453.6 மடங்கு. அங்கேயும் சமன்பாடுகள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. எண்ணிக்கை சமமாக இருப்பதுதான் முக்கியம், எண் எது என்பது இரண்டாம் பட்சம்.

அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. நீண்ட காலம் ஆக்சிஜனை 16 என்று வைத்து அளந்தார்கள். அதிலும் வேதியியலாளர்கள் இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையையும், இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் பிடித்துக்கொண்டதால் இரண்டு பட்டியல்கள் நிலவின. 1961இல் இருவரும் கார்பன்-12க்கு ஒத்துக்கொண்டார்கள். 1971இல் மோல் பன்னாட்டு அலகு முறையின் ஏழாவது அடிப்படை அலகானது: 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்களோ அத்தனை. 2019 மே 20 முதல் அதுவும் மாறிவிட்டது. இப்போது ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள். அளவீடு எதையும் சாராமல் எண்ணாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பழைய வழிகாட்டி நூல்களில் கார்பன் வரையறை இருக்கும். உங்கள் கணக்கு எதிலும் இதனால் ஒரு தசமம்கூட மாறாது.

குளோரினுக்கு ஏன் 35.5 என்று அரை வருகிறது என்று பலர் கேட்பார்கள். அரை அணு எதுவும் இல்லை. குளோரின் அணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறை 35 உள்ளவை, கால் பங்கு நிறை 37 உள்ளவை. அதன் சராசரிதான் அது.

22.4 லிட்டருக்கு வருவோம். தேர்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அவகாட்ரோ சொன்னபடி சம எண்ணிக்கை வாயு மூலக்கூறுகள் சம இடத்தை அடைக்கும். ஒரு மோல் வாயு 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் அடைக்கும் இடம் 22.4 லிட்டர். இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: அது வாயுவாக இருக்க வேண்டும், வெப்பநிலை 0 டிகிரியாக இருக்க வேண்டும், அழுத்தம் 1 வளிமண்டலமாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் அதே வாயு 24.5 லிட்டர் அடைக்கும். திட்ட அழுத்தத்தை 1 பார் என்று எடுக்கும் நூல்களில் 22.7 லிட்டர் என்று இருக்கும். அதுவும் சரிதான், வினாத்தாள் எந்த அழுத்தத்தைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரவத்துக்கும் திடப்பொருளுக்கும் இந்த எண்ணைத் தொடவே கூடாது. திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் நீரின் கனஅளவு என்ன என்று கேட்டால் பாதிப் பேர் 22.4 லிட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். 0 டிகிரியில் நீர் ஆவியாகவா இருக்கிறது? அது 18 மி.லி. மட்டுமே. அதே நீர் 100 டிகிரியில் ஆவியானால் 30 லிட்டருக்கு மேல் போய்விடும். வாயுவில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு விலகி இருக்கின்றன. அதனால்தான் அவற்றின் சொந்தப் பருமன் கணக்கில் சேர்வதில்லை, எல்லா வாயுக்களும் ஒரே இடத்தை அடைக்கின்றன. திரவத்தில் அவை ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் சொந்தப் பருமனும் வெளியே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு சறுக்கல்: எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் விடுவது. "ஒரு மோல் ஆக்சிஜன்" என்பது அரைகுறையான பேச்சு. ஆக்சிஜன் அணுக்கள் என்றால் 16 கிராம், மூலக்கூறுகள் என்றால் 32 கிராம். மோல் என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் துகளின் பெயரையும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் தாமாகவே மறைந்துவிடும்.

மோல் என்பது எண்ணிக்கை என்பது உறுதியாகிவிட்டால், வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள்) என்று பயமுறுத்தும் பகுதி எளிதாகிவிடும். 28 கிராம் நைட்ரஜனையும் 28 கிராம் ஹைட்ரஜனையும் கலந்து, முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா என்று கேட்கிறார்கள். எடை சமம் என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நைட்ரஜன் 1 மோல். ஹைட்ரஜன் 14 மோல். சமன்பாடு 1 நைட்ரஜனுக்கு 3 ஹைட்ரஜன் கேட்கிறது. நைட்ரஜன் தீர்ந்துபோகும், 11 மோல் ஹைட்ரஜன், அதாவது 22 கிராம், சும்மா நிற்கும். அம்மோனியா 2 மோல், 34 கிராம். 34உம் 22உம் சேர்ந்து 56, போட்டதும் 56. இந்தக் கடைசிக் கூட்டலைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் போட்டுவிடுங்கள், விடை சரியா என்று அதுவே சொல்லிவிடும்.

இனி ஆய்வகம். கரைசலில் மோல் என்றால் மோலாரிட்டி: ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல். 0.1 மோலார் சோடியம் கார்பனேட் 250 மி.லி. வேண்டுமென்றால் அதன் மோலார் நிறையான 106இல் பத்தில் ஒரு பங்கு, அதில் கால் பங்கு: 2.65 கிராம். இதை நிறுத்து, கொஞ்சம் நீரில் கரைத்து, திட்டக் குடுவையில் ஊற்றி, பாத்திரத்தைக் கழுவிய நீரையும் அதிலேயே சேர்த்து, பிறகு கழுத்திலுள்ள கோடு வரை நீர் விட வேண்டும். 250 மி.லி. நீரை அளந்து அதில் உப்பைப் போடுவது வேறு. அப்படிச் செய்தால் கரைசலின் கனஅளவு 250 மி.லி. என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மோலாலிட்டி என்பது ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்ற கணக்கு. சூடேறினால் கரைசல் விரிந்து மோலாரிட்டி மாறும். எடை மாறாததால் மோலாலிட்டி மாறாது. கொதிநிலை, உறைநிலைப் பாடங்களில் மோலாலிட்டி வருவது அதனால்தான்.

நார்மாலிட்டி எதற்கு? பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் வரும் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலை (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பதை) அப்படியே எடுத்துக்கொள்வோம். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கரைசல் அடர் ஊதாவாக இருப்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கூம்புக்குடுவையில் பிப்பெட்டால் எடுத்த 20 மி.லி. பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட், அதோடு நீர்த்த கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது? பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி அங்கேயே செலவாகிவிடும். அமிலம் போதாவிட்டால் பழுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு படிந்து கணக்கு கெடும். சொட்டு விழும் இடத்தில் ஊதா நிறம் தோன்றித் தோன்றி மறையும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைத்துவிடும். அதுதான் முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி வேண்டியதில்லை. பெர்மாங்கனேட்டே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெர்மாங்கனேட் 0.02 மோலார் என்றும் 18.5 மி.லி. செலவானது என்றும் வைத்துக்கொள்வோம். செலவான பெர்மாங்கனேட் 0.00037 மோல். ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான்களை வாங்கும். ஒரு பெர்ரஸ் அயனி ஒன்றைத்தான் கொடுக்கும். ஆகவே பெர்ரஸ் அயனி ஐந்து மடங்கு, 0.00185 மோல் இருந்திருக்க வேண்டும். அது 20 மி.லி.க்குள் இருந்தது, எனவே 0.0925 மோலார். அந்த உப்பின் மோலார் நிறை 392, லிட்டருக்கு 36.26 கிராம்.

இந்த இடத்தில் "கனஅளவு × மோலாரிட்டி இரு பக்கமும் சமம்" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் 0.0185 வந்திருக்கும், உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஐந்தை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே நார்மாலிட்டி வந்தது. பெர்மாங்கனேட்டின் சமான நிறையை, அதாவது ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஈடான நிறையை, அதன் மோலார் நிறையான 158இல் ஐந்தில் ஒரு பங்காக, 31.6 என்று முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம். ஒரு லிட்டரில் இப்படி எத்தனை சமான நிறைகள் என்பதுதான் நார்மாலிட்டி. 0.02 மோலார் பெர்மாங்கனேட் 0.1 நார்மல் ஆகிவிடுகிறது. பிறகு கனஅளவு × நார்மாலிட்டி இரு பக்கமும் சமம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியாமல் நார்மாலிட்டியைப் பழகுவது நல்லதில்லை. வேறு வினையில் அதே பெர்மாங்கனேட் மூன்று எலக்ட்ரான்களை மட்டும் வாங்கும். அப்போது சமான நிறையும் மாறிவிடும். மோலார் நிறை எந்த வினையிலும் மாறாது. அதனால் முதலில் மோலில் போட்டுப் பாருங்கள். பிறகு நார்மாலிட்டியில் சரிபாருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 10 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி. ஊற்றினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும்? கார்பனேட் 0.1 மோல். அமிலமும் 0.1 மோல். ஆனால் ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் தேவை என்பதால் அமிலம்தான் முதலில் தீரும். 0.05 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 2.2 கிராம், 0 டிகிரியிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் 1.12 லிட்டர். குடுவையின் அடியில் 5 கிராம் கார்பனேட் கரையாமல் கிடக்கும். அமிலத்தை 200 மி.லி. ஆக்கிவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள்: அடியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது, 2.24 லிட்டர் வர வேண்டும். 300 மி.லி. ஊற்றினாலும் அதே 2.24 லிட்டர்தான் வரும். ஏன் என்று சூத்திரத்தைப் பார்க்காமல் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள்.